தண்ணியே உறையுற ஊர்ல வாட்டர்கலர் எப்படிங்க போட்டாங்க?

பென்சில்சீவி:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற கேள்வி, இங்க கேட்டா நாலு பேரு நாலு விதமா திட்டுவீங்க, அந்த திட்டுலயாவது பதில் கிடைக்கும்னு கேக்குறேன். நான் ஞாயித்துக்கிழமை ஓவியர், பெருசா ஒண்ணும் இல்ல. போன டிசம்பர்ல ஊட்டி போனப்ப காலைல ஆறரைக்கு ஏரி பக்கம் உக்காந்தேன், பத்து நிமிஷம் தாக்குப்பிடிக்கல, விரல் மரத்துப்போச்சு, பேப்பர்ல போட்ட வாஷ் காயவே மாட்டேங்குது, அப்புறம் ரூமுக்கு வந்து ரெண்டு டீ குடிச்சுட்டு படுத்துட்டேன். அப்பதான் எட்வர்ட் வில்சன் ஞாபகம் வந்துச்சு. ஸ்காட் கூட தென் துருவம் போனாரே, அவரு. எரிபஸ் எரிமலை, அதுக்கு பின்னாடி ஆரஞ்சும் ஊதாவுமா வானம், நிலாவ சுத்தி வளையம் வளையமா ஒளி, எல்லாம் வாட்டர்கலர். மைனஸ் முப்பது நாப்பதுல அந்த மனுஷன் எப்படி போட்டாரு? பிரஷ்ஷ தண்ணில முக்கி எடுக்குறதுக்குள்ள குச்சி ஆயிடாதா? உப்பு கிப்பு ஏதாவது கலந்தாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலர் டீச்சர்:
போடவே இல்ல தம்பி, அதான் பதில் :) வெளிய பென்சில் மட்டும்தான். கையுறைய கழட்டி ரெண்டு மூணு நிமிஷம் கிறுக்கு, விரல் செத்துப்போச்சுன்னா மறுபடி உள்ள விட்டு உசுரு வரவை, திரும்ப கழட்டு, திரும்ப கிறுக்கு. கோட்டுக்கு பக்கத்துலயே எந்த இடத்துல என்ன கலர்னு வார்த்தையா எழுதி வச்சுக்குவாரு. அப்புறம் அவங்க தங்கியிருந்த கேம்ப் எவான்ஸ் கொட்டகைக்கு வந்து, குளிர்காலத்துல மாசக்கணக்கா வெளிய சூரியனே கிடையாது இல்லையா, அசிட்டிலீன் விளக்கு வெளிச்சத்துல மேசைல உக்காந்து அந்த எழுத்த பாத்து பாத்து கலர் போடுவாரு. நீ நெட்ல பாத்தது எல்லாம் அப்படி வந்ததுதான். அவருக்கு ஆர்ட் ஸ்கூல் படிப்பே கிடையாது, தொழில் டாக்டர், பறவைகள்னா உயிரு. சின்ன வயசுலேந்து தானா கத்துக்கிட்டது.

குற்றம்குற்றமே:
டீச்சர், கேம்ப் எவான்ஸ் இல்ல, கேப் எவான்ஸ். நெற்றிக்கண் திறப்பினும்...

மலர் டீச்சர்:
டைப்பிங் மிஸ்டேக்பா, கீரா. வேற வேலை இல்லையா உனக்கு.

ரீல்ராஜா:
ஒரு நிமிஷம். அப்ப அது நேர்ல பாத்து வரைஞ்ச லேண்ட்ஸ்கேப்பே இல்லையே? மாசம் கழிச்சு ரூம்ல உக்காந்து ஞாபகத்துல போட்டது. நான் கல்யாண போட்டோகிராபர், எடிட்டிங்ல வானத்த மாத்துனா என்னைய பிராடுன்றீங்க, இவரு ராத்திரி விளக்குல வானத்தையே கண்டுபிடிச்சு போட்டா கலையா? அதே டீம்ல ஹெர்பர்ட் பாண்டிங்னு புரொபஷனல் கேமராக்காரர் இருந்தாரு, ஐஸ்பெர்க் குகைக்குள்ள நின்னு வெளிய தெரியுற கப்பல எடுத்த படம் ஒண்ணு இருக்கு பாருங்க, 1911 ஜனவரி, இன்னைக்கு வரைக்கும் அத மிஞ்ச ஆள் இல்ல. கேமரா இருக்கும்போது பென்சில் எதுக்கு?

பென்சில்சீவி:
ராஜா அண்ணே, கலர்? பாண்டிங் படம் எல்லாம் கருப்பு வெள்ளைதானே. அப்ப கலர் கேமராவே கிடையாதே.

குற்றம்குற்றமே:
தப்பு. லூமியேர் சகோதரர்களோட ஆட்டோகுரோம் கண்ணாடித் தகடு 1907லயே விற்பனைக்கு வந்துடுச்சு, பாண்டிங் அதுல அங்க சில சூரிய அஸ்தமனமே எடுத்துருக்காரு. ஆனா அதுக்கு எக்ஸ்போஷர் ரொம்ப நேரம் வேணும், தகடு சென்சிடிவிட்டி கம்மி. அரோராவ, அதான் துருவத்து ராத்திரி வானத்துல ஆடுற ஒளிய, எல்லாம் அதுல பிடிக்கிறது நடக்காத கதை.

மலர் டீச்சர்:
ராஜா, நீ கேட்டது நல்ல கேள்விதான், கோவத்த கொஞ்சம் ஓரமா வை. முதல்ல ஒண்ணு, வில்சன் இத "கலை"ன்னு நினைச்சு செய்யல. அவரு அங்க விஞ்ஞானக் குழுவுக்கு தலைவர். நிலாவ சுத்தி வளையம் வரைஞ்சாருன்னா அழகுக்கு இல்ல, காத்துல மிதக்குற ஐஸ் துகள் ஒளிய வளைக்குறதால சரியா 22 டிகிரி தள்ளி அந்த வளையம் விழும், அது எங்க வெட்டுது, பக்கத்துல பொய் நிலா எங்க நிக்குது, எல்லாம் அளவு. மலைத்தொடரும் அப்படித்தான், நீள நீளமா பனோரமா போட்டது சர்வே வேலைக்கு. கொட்டகைல மத்தவங்களுக்கு ஸ்கெட்சிங் பத்தி ஒரு நாள் லெக்சர் கூட எடுத்தாரு, ரஸ்கின்னு ஒரு இங்கிலீஷ் கலை விமர்சகர் சொன்னத எல்லாம் மேற்கோள் காட்டி, கண்ணுக்கு தெரியுறத போடு, அழகா இருக்கட்டும்னு சேக்காதங்கறதுதான் அதுல சாரம்.

ரெண்டாவது, கேமராவ தூக்கிட்டு போற எடை. பாண்டிங் துருவப் பயணத்துக்கு போகவே இல்ல. அங்க ஒரு சின்ன கேமராதான் போச்சு, கடைசி குரூப் போட்டோவ கூட போன பவர்ஸ் கயிறு கட்டி இழுத்து எடுத்தாரு, படத்துலயே கயிறு தெரியும். பென்சிலுக்கும் நோட்டுக்கும் என்ன எடை, நூறு கிராம் வருமா?

ரீல்ராஜா:
எடை பாயிண்ட் ஓகே, ஒத்துக்குறேன். ஆனா "கண்ணுக்கு தெரியுறத போடு" எல்லாம் வேணாம் டீச்சர். கண்ணே பொய் சொல்லும். அதான கேமரா வேணும்ங்குறேன்.

கிணத்துத்தவளை:
கண்ணு பொய் சொன்ன கதைன்னா ஜான் ராஸ் கதைய சொல்லாம எப்படி. 1818. அட்லாண்டிக்லேந்து வடக்கால சுத்தி பசிபிக் போக வழி இருக்கான்னு பாத்துட்டு வாயான்னு பிரிட்டிஷ் கடற்படை அனுப்புது. லங்காஸ்டர் சவுண்டுன்னு ஒரு கடல் வாய்க்குள்ள நுழையுறாரு, தூரத்துல வரிசையா மலை தெரியுது, வழி அடைச்சுருக்கு. சும்மா விடல, படமா வரைஞ்சு, கடற்படை அலுவலகத்துல செயலாளரா இருந்த குரோக்கர் பேர அந்த மலைக்கு வச்சு, கப்பல திருப்பிட்டு ஊருக்கு போய் அடுத்த வருஷம் புத்தகமும் போட்டாரு, மலை படத்தோட. அதே 1819ல பாரி போறாரு, இவருகிட்ட முன்ன துணைக் கப்பல்ல இருந்தவரு. நேரா அந்த மலைக்குள்ளயே கப்பல ஓட்டிட்டு போய்ட்டாரு. மலையும் இல்ல மண்ணும் இல்ல, கானல். குளிர்ந்த கடல் மேல காத்து அடுக்கடுக்கா வேற வேற வெப்பத்துல நிக்கும்போது தூரத்து ஐஸ் நிமிந்து நின்னு மலையா தெரியும். ராஸ் பேரு அதோட நாறிடுச்சு, பல வருஷம் அவருக்கு கடற்படைல கப்பலே தரல. ஒரு லேண்ட்ஸ்கேப் படம் ஒரு ஆளு வாழ்க்கைய காலி பண்ணதுக்கு இத விட உதாரணம் இருக்கான்னு தெரியல.

ஒரு குறும்பு கேள்வி ராஜாவுக்கு. அந்த கானல கேமராவுல எடுத்திருந்தா என்ன விழுந்திருக்கும்?

ரீல்ராஜா:
...மலைதான் விழுந்திருக்கும். சரி சரி. கானலுக்கு கேமராவும் ஏமாறும். இந்த ஒரு தடவ விடுறேன்.

பென்சில்சீவி:
நான் டீ பத்தி எழுதி ஆரம்பிச்சேன், இது எங்கயோ போய்ட்டு இருக்கு, ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரு டவுட், கப்பல்ல இருக்குற மிட்ஷிப்மேன் பசங்களுக்கு, அதான் பயிற்சில இருக்குற சின்ன ஆபீசருங்களுக்கு, வரைய எப்படி தெரியும்? எல்லாரும் ஓவியரா?

கிணத்துத்தவளை:
வேலைக்கு வேணும்ல. புது கரைய பாத்தா அதோட விளிம்ப கோடா போட்டு வைக்கணும், அடுத்த கப்பல்காரன் அத வச்சுத்தான் இடத்த அடையாளம் கண்டுபிடிப்பான். நம்ம ஊரு சர்வேயர் பசங்க எஃப்எம்பி (நிலத்தோட அளவு வரைபடம்) போடுற மாதிரி நினைச்சுக்க. டிராயிங் சொல்லிக்குடுக்கவே கடற்படை காலேஜ்ல வாத்தியார் இருந்தாங்க. ஆர்க்டிக் போன பிராங்க்ளினோட 1819-22 தரைவழி பயணத்துல ராபர்ட் ஹூட், ஜார்ஜ் பேக்னு ரெண்டு மிட்ஷிப்மேன், ரெண்டு பேருமே வரையுறவங்க. ஒரே பொண்ணு மேல ரெண்டு பேருக்கும் ஆசை வந்து டூயல், அதான் நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டை, வரைக்கும் போய், கூட இருந்தவரு துப்பாக்கிலேந்து தோட்டாவ உருவிட்டதால தப்பிச்சாங்கன்னு ஒரு கதை. பேக் உயிரோட ஊரு திரும்புனாரு. ஹூட் அந்த பட்டினி பயணத்துலயே சுட்டுக்கொல்லப்பட்டாரு, 1821 அக்டோபர். அவரு போட்ட படங்க மட்டும் வந்து சேந்துச்சு.

ஓரத்துஆள்:
எல்லாம் சரி, இந்த வெள்ளக்காரன் கண்டுபிடிச்சான், வரைஞ்சான்னே பேசுறீங்களே, ஆர்க்டிக்ல ஏற்கனவே ஆளுங்க ஆயிரக்கணக்கான வருஷமா இருக்காங்களே, அவங்க கண்ணுக்கு அது எப்படி தெரிஞ்சுதுன்னு யாராச்சும் வரைஞ்சாங்களா?

கிணத்துத்தவளை:
ஓரத்துல நிக்காம உள்ள வாங்க சார், இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். அதே ராஸ் கப்பல்லயே ஒருத்தர் இருந்தாரு. ஜான் சாக்கியஸ், கிரீன்லாந்துக்காரர். 1816ல ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல்ல ஸ்காட்லாந்துக்கு வந்து சேந்தவரு, எடின்பர்க்ல அலெக்சாண்டர் நாஸ்மித்னு பெரிய ஓவியர்கிட்ட டிராயிங் கத்துக்கிட்டாரு, ராஸ் அவர மொழிபெயர்ப்பாளரா கூட்டிட்டு போனாரு. வட கிரீன்லாந்து மக்களும் பிரிட்டிஷ்காரங்களும் முதல் முதலா சந்திக்குற காட்சிய அவரு வரைஞ்சத ராஸ் தன் புத்தகத்துலயே போட்டுருக்காரு. இறகு வச்ச தொப்பியும் வாளுமா நிக்குற ஆபீசருங்க, கண்ணாடில தன் மூஞ்சிய பாத்து ஆச்சரியப்படுற ஆளுங்க, நாய் வண்டி, பின்னாடி கப்பல், ஐஸ். ரெண்டு பக்க மொழியும் தெரிஞ்ச ஒரே ஆளு அந்த இடத்துல அவருதான், படத்துலயும் தன்னைய நடுவுல வச்சுக்கிட்டாரு. 1819ல எடின்பர்க்லயே காய்ச்சல்ல போய்ட்டாரு, ரொம்ப சின்ன வயசு. அந்த புத்தகத்துல பொய் மலை ராஸ் போட்டது, நிஜ மனுஷங்க சாக்கியஸ் போட்டது, யோசிச்சா சிரிப்பு வருது.

ஓரத்துஆள்:
நன்றி. இது தெரியாது எனக்கு. தேடிப் பாக்குறேன்.

வடதிசை:
எல்லாருக்கும் வணக்கம். கனநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருக்கிறனான், இண்டைக்கு எழுதாம இருக்கேலாது. நான் நோர்வேயின்ர வடக்கில, துருவ வட்டத்துக்கு மேல இருக்கிறன், யாழ்ப்பாணத்தில இருந்து வந்து இருவது வருசத்துக்கு மேல. எங்கட இடத்தில நவம்பர் கடைசியில சூரியன் போனா ஜனவரி நடுவிலதான் திரும்ப முகம் காட்டும். ஊரில ஆக்கள் கேப்பினம், ரெண்டு மாசம் கும்மிருட்டோ எண்டு. இல்லையப்பா. மத்தியானம் ஒரு ரெண்டு மூண்டு மணித்தியாலம் ஒரு நீலம் வரும், மலை, பனி, வீட்டுக்கூரை எல்லாம் ஒரே நீலம், தெற்குப் பக்கம் அடிவானத்தில மட்டும் மாம்பழத்தோல் மாதிரி ஒரு கோடு. முதல் முதல் வில்சன்ர படத்தைப் பாத்தபோது உங்கட ராஜா மாதிரி நானும் "கூட்டிப் போட்டிருக்கிறார்" எண்டுதான் சொல்லியிருப்பன், ஆனா நான் யன்னலைத் திறந்து பாத்தா அதுதான் நிக்குது. கூட்டேல்ல. குறைச்சுப் போட்டிருக்கிறார் எண்டு கூட சில நாள் நினைக்கிறனான்.

நோர்வேயின்ர துருவப் பயணி நான்சனையும் சொல்லோணும். ஃப்ராம் கப்பலை வேணுமெண்டே ஐசுக்குள்ள உறைய விட்டு 1893இல இருந்து 96 வரைக்கும் மிதக்க விட்ட மனிசன். அவரும் வரைஞ்சவர், பேஸ்டல். தண்ணி தேவையில்லைத்தானே, சோக்குக்கட்டி மாதிரி. உங்கட முதல் கேள்விக்கு அது இன்னொரு மறுமொழி. வடதுருவ ஒளியை, அதான் அரோராவை, கண்ணுக்கு எப்பிடித் தெரியுதோ அப்பிடி மெல்லிசாப் போட்டிருக்கிறார். இப்ப ஃபோனில எடுக்கிற படங்களில பச்சை கத்திக்கொண்டு நிக்கும், கண்ணுக்கு அவ்வளவு பச்சை தெரியாது. கனநேரம் மங்கலாச் சாம்பல் புகை மாதிரித்தான். ராஜா தம்பி கோவிக்காதேங்கோ, இதில கேமராதான் கூட்டிச் சொல்லுது.

ரீல்ராஜா:
அண்ணே கோவமே இல்ல. யன்னல்லயே ஆதாரம் வச்சுருக்கீங்க, நான் என்ன பேச.

பென்சில்சீவி:
அண்ணே அந்த மாம்பழத்தோல் வார்த்தைய நான் திருடிக்குறேன். வில்சன் கலர் நோட்ஸ்னு டீச்சர் சொன்னது இப்பதான் உறைக்குது. வெறும் "ஆரஞ்சு"ன்னு எழுதி வச்சா மூணு மாசம் கழிச்சு எந்த ஆரஞ்சு? கமலா ஆரஞ்சா, காவியா, செங்கல்லா? வார்த்தை கரெக்டா இருந்தாத்தான் படம் கரெக்டா வரும். அப்ப அது எழுத்து வேலையும்தான்.

மலர் டீச்சர்:
அதே அதே. பசங்ககிட்ட சொல்லி சொல்லி ஓஞ்சு போனேன்.

வில்சன் கண்ணுக்கு குடுத்த விலையையும் சொல்லிடுறேன். 1902ல முதல் பயணம், ஸ்காட், ஷாக்கிள்டன், வில்சன் மூணு பேரும் தெற்கால நடந்து 82 டிகிரி 17 நிமிஷம் தெற்கு அட்சரேகை வரைக்கும் போனாங்க, டிசம்பர் 30. வலது பக்கம் முழுக்க மனுஷன் பாக்காத மலைங்க. பனில வெயில் கண்ணாடி இல்லாம கண்ணு தாங்காது, கண்ணாடி போட்டா கலரும் கோடும் தெரியாது, அதனால அத கழட்டி வச்சுட்டு மணிக்கணக்கா வரைவாரு. பனில பட்டு வர்ற வெளிச்சம் கண்ண பொசுக்கிடும், மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும். கடைசில ரெண்டு கண்ணும் போச்சு, கோகெய்ன் சொட்டு மருந்து விட்டுக்கிட்டு, துணியால கண்ண கட்டிட்டு வண்டி இழுத்தாரு. அன்னைக்கு பாத்து புதுசு புதுசா மலை வருது, ஸ்காட் பக்கத்துல நடந்துக்கிட்டே என்னென்ன தெரியுதுன்னு அவருக்கு வாயால சொல்லிட்டு வந்தாரு. வரைய வந்தவருக்கு வர்ணனை மட்டும். இத கிளாஸ்ல சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

குற்றம்குற்றமே:
இதுல திருத்த ஒண்ணும் இல்ல. கண்ணு குணமாயிடுச்சுன்னு மட்டும் சேத்துக்கோங்க, படிக்கிறவங்க பயந்துடுவாங்க.

சைதைசுந்தர்:
லேட்டா வந்துட்டேன், அதுக்கு பதிலா ஒரு குண்டு போடுறேன். நீங்க எல்லாரும் 1800, 1900னு பேசுறீங்க. அதுக்கும் முன்னாடி கேப்டன் குக்கோட ரெண்டாவது பயணம், 1772லேந்து 75. கப்பல் பேரு ரெசல்யூஷன். 1773 ஜனவரி 17 அன்னைக்கு தெற்கு துருவ வட்டத்த தாண்டுனாங்க, அதுக்கு முன்னாடி யாரும் தாண்டுனதா பதிவு இல்ல. அதுல கடற்படை அனுப்பிவச்ச ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ். குடிதண்ணிக்கு படகுல போய் ஐஸ் வெட்டி எடுக்குறத வரைஞ்சுருக்காரு, பெரிய ஐஸ் தீவு பக்கத்துல படகு எறும்பு மாதிரி. இப்ப கேளுங்க. நியூசிலாந்து டஸ்கி பே காட்சின்னு அவரோட ஆயில் பெயிண்டிங் ஒண்ணு, பச்ச பசேல்னு காடு, மரக்கிளை, கிரீன்விச் மியூசியம்காரங்க 2004ல எக்ஸ்ரே எடுத்து பாத்தா அடியில ஐஸ்பெர்க்! முதல்ல அண்டார்டிக் ஐஸ போட்டுட்டு அது மேலயே காட்ட போட்டுருக்காரு. கேன்வாஸ் பஞ்சமா, புடிக்கலையா, யாருக்கு தெரியும். அண்டார்டிகாவ பாத்து ஆயில்ல போட்ட முதல் படம் அதுதான்னு சொன்னாங்க, அதுவும் காட்டுக்கு அடியில புதைஞ்சு கிடக்கு.

ஆனா என் குண்டு இது இல்ல. இந்த ஹாட்ஜஸ் 1780ல எங்க வந்து இறங்குனாரு தெரியுமா? மெட்ராஸ்.

பென்சில்சீவி:
என்னது???

சைதைசுந்தர்:
ஆமாங்க. தொழில்முறை லேண்ட்ஸ்கேப் ஓவியர்னு பிரிட்டன்லேந்து இந்தியா வந்த முதல் ஆளு. வந்த நேரம் ஐதர் அலி படையோட ஆற்காட்டு பக்கம் இறங்கிட்டாரு, ஊர விட்டு எங்கயும் போக முடியல, உடம்பும் சரியில்ல, ஒரு வருஷம் போல இங்கயே கிடந்துட்டு கல்கத்தா போனாரு. ஐஸ்பெர்க் வரைஞ்ச அதே கை வரைஞ்ச இன்னொரு படம், மர்மலாங் பாலம், முன்னாடி ஒரு சிப்பாயும் ஜனங்களும் நிக்குற மாதிரி. மர்மலாங்னா மாம்பலம்தான், வெள்ளக்காரன் வாயில அப்படி ஆயிடுச்சு. அதாவது நம்ம சைதாப்பேட்ட பாலம், மறைமலை அடிகள் பாலம்! கோஜா பெட்ரஸ் உஸ்கான்ற ஆர்மீனிய வியாபாரி 1726ல சொந்த காசுல கட்டுன பழைய பாலம், இப்ப அது இல்ல, புதுசு நிக்குது, அவரு வச்ச கல்வெட்டு மட்டும் ஓரமா இருக்கு. நான் தினம் பைக்ல தாண்டுற பாலம்ங்க. சிக்னல்ல நிக்கும்போது எல்லாம் இந்தாளு ஞாபகம்தான். கடைசில பாவம் அவரு ஓவியத்த விட்டுட்டு பேங்க்ல பங்கு போட்டு, பேங்க் திவாலாகி, 1797ல செத்துப்போனாரு.

வடதிசை:
ஐயோ இது நல்லா இருக்கு. துருவத்துக்கும் அடையாறுக்கும் ஒரே ஆள்.

ரீல்ராஜா:
சரி டீச்சர், நான் சண்டைய முடிச்சுக்குறேன், ஆனா ஒண்ணு கேக்குறேன். போகாமலே வரைஞ்சவனும் இருக்கானே. கப்பல் நசுங்கி ஐஸ் பாளம் பாளமா குத்திட்டு நிக்குற ஜெர்மன் படம் ஒண்ணு, எல்லா வால்பேப்பர்லயும் வருமே. அது எந்த கணக்கு?

மலர் டீச்சர்:
காஸ்பர் டேவிட் பிரீட்ரிச், 1823-24, இப்ப ஹாம்பர்க்ல இருக்கு. அவரு ஆர்க்டிக் பக்கமே போகல. எல்ப ஆத்துல குளிர்காலத்துல ஐஸ் உடைஞ்சு ஒதுங்குனத பாத்து ஸ்டடி போட்டு வச்சு, அத மலையாக்கிட்டாரு. எனக்கு அது ரொம்ப பிடிக்கும், பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுல குளிர் இல்ல, பயம்தான் இருக்கு. வில்சன் படத்துல பயம் இல்ல, குளிர் இருக்கு. இது என் அபிப்ராயம், கீரன் திருத்த வேணாம்.

குற்றம்குற்றமே:
வாய மூடிட்டேன்.

கிணத்துத்தவளை:
பெயிண்ட் கதை ஒண்ணு விட்டுப்போச்சு. ஷாக்கிள்டனோட எண்டியூரன்ஸ் கப்பல் பயணத்துல ஓவியர் ஜார்ஜ் மார்ஸ்டன். கப்பல் நொறுங்கி, எலிஃபண்ட் தீவுல ஒதுங்கி, 1916ல ஜேம்ஸ் கெயர்டுன்ற ஏழு மீட்டர் படகுல 800 கடல் மைல் தாண்டி உதவி தேடி போகணும். பலகை இடுக்குல தண்ணி வருது, அடைக்க ஒண்ணும் இல்ல. விளக்குத் திரிய திணிச்சு, மார்ஸ்டனோட ஆயில் பெயிண்ட பூசி, மேல சீல் ரத்தத்த தடவுனாங்க. படகு போய் சேந்துச்சு, அத்தன பேரும் பொழைச்சாங்க. அந்த டியூப்ல இருந்து வந்திருக்க வேண்டிய படங்க வரல, அதுக்கு யாரும் அழல :)

பென்சில்சீவி:
டீச்சர், ஒரு கடைசி கேள்வி. வில்சன் துருவத்துக்கே போனாரே, 1912 ஜனவரி. அங்க வரைஞ்சது?

மலர் டீச்சர்:
வரைஞ்சாரு. நார்வேக்காரர் ஆமுண்ட்சன் முன்னாடியே வந்து நட்டுட்டு போன கூடாரம், கொடி, எல்லாம் பென்சில்ல. திரும்பி வரும்போது மார்ச் கடைசில கூடாரத்துக்குள்ளயே ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூணு பேரும் போய்ட்டாங்க. நவம்பர் 12 அன்னைக்கு தேடிப் போனவங்க கண்டுபிடிச்சப்ப நோட்டும் கூடவே இருந்துச்சு. அது பென்சிலோட நின்னுபோச்சு தம்பி. ராத்திரி விளக்குல உக்காந்து கலர் போடுற பாதி வேலை நடக்கவே இல்ல.

(இரண்டு வாரம் கழித்து)

பென்சில்சீவி:
மக்களே அப்டேட். சும்மா பேசிட்டு விட மனசு வரல, போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு காலைல அஞ்சே முக்காலுக்கு சுந்தர் அண்ணன கூட்டிட்டு சைதாப்பேட்ட பாலத்துக்கு போனேன். ரூல் வில்சன் ரூல்தான், வெளிய பென்சில் மட்டும், கலர் வார்த்தைல. குளிருக்கு எங்க போறது, அதனால பத்து நிமிஷம்தான் டைம்னு வச்சுக்கிட்டேன், அண்ணன் ஃபோன்ல டைமர் போட்டு பக்கத்துல நின்னு மிரட்டுனாரு. "தண்ணி: பழைய ஈயப் பாத்திரம். வானம் கீழ: மாம்பழத்தோல். தூண் நிழல்: ஊறவச்ச புளி"ன்னு எழுதிட்டு வந்தேன். பத்து நாள் தொடவே இல்ல, புதன் ராத்திரி மஞ்ச குண்டு பல்ப் ஒண்ண மட்டும் போட்டுட்டு உக்காந்தேன். புளி கரெக்டா வந்துச்சு, ஈயப் பாத்திரமும் பரவால்ல. ஆனா அந்த வெளிச்சத்துல மஞ்ச கலரு பேப்பர்ல போட்டா போட்ட மாதிரியே தெரியல, சரி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு ஏத்திட்டே போய்ட்டேன். காலைல எந்திரிச்சு ஜன்னல் பக்கம் பாத்தா அடையாறுக்கே மஞ்சக்காமாலை. வில்சன் அசிட்டிலீன் விளக்குல இத எப்படி சமாளிச்சாரோ.

ரீல்ராஜா:
படத்த போடு பாப்போம். நானும் அன்னைக்கு காலைல அந்தப் பக்கம் மண்டபத்துல இருந்தேன், வானத்த எடுத்து வச்சுருக்கேன், எடிட் பண்ணாதது. ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்கலாம்.

சைதைசுந்தர்:
ரெண்டும் போடுங்க. நான் நேர்ல பாத்தவன், எது பொய்யின்னு நான் சொல்றேன்.